பெடலை மிதிக்க மிதிக்க டிராக்டர் ஏன் திணறுகிறது?

அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் ஐந்து பத்து ஏக்கர் நிலம் வைத்திருப்பவர்களின் கொட்டகையில் பெரும்பாலும் ஒரு சின்ன டிராக்டர் நிற்கும். 25 முதல் 40 குதிரைத்திறன் இருக்கும். முன்னால் மண் அள்ளும் லோடர், பின்னால் புல்வெட்டியோ மண் நிரவும் பிளேடோ. குபோட்டா, ஜான் டீர், மஹிந்திரா என்று பல கம்பெனிகளும் விற்கின்றன. இவற்றில் பலவற்றில் ஓட்டும்போது கியர் மாற்றும் வேலையே இல்லை. பெடலை ஒரு பக்கம் மிதித்தால் வண்டி முன்னே போகும், மறுபக்கம் மிதித்தால் பின்னே வரும். இதைத்தான் ஹைட்ரோஸ்டேடிக் என்கிறார்கள், சுருக்கமாக ஹைட்ரோ. இந்த வண்டிகளைப் பற்றி ஓயாமல் வரும் புகார் ஒன்று உண்டு: “முன்ன மாதிரி இழுக்க மாட்டேங்குது.”

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹைட்ரோவின் உள்ளே கை வைப்பது கடைசி வேலையாக இருக்க வேண்டும். டீசல் ஃபில்டர், ஆயில், பிரேக், ஓட்டுபவரின் வலது கால் ஆகியவற்றைப் பார்த்து முடித்த பிறகுதான் அங்கே போக வேண்டும். ஆனால் வண்டி மேட்டில் நின்றதும் “ஹைட்ரோ போச்சு” என்ற தீர்ப்பு வந்துவிடுகிறது. பல மாடல்களில் டிராக்டரை நடுவே இரண்டாகப் பிரித்தால்தான் அந்தப் பாகத்தை வெளியே எடுக்க முடியும். அவசரத் தீர்ப்புக்குக் கொடுக்கும் விலை அது.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி குழப்பம் தீரும். இன்ஜின் ஒரு பிஸ்டன் பம்பைச் சுழற்றுகிறது. பம்பு ஆயிலை அழுத்தத்தோடு ஒரு மோட்டாருக்குத் தள்ளுகிறது. மோட்டார் சுழன்று, லோ, ஹை என்று பிரித்த கியர் பெட்டி வழியாகச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. வேலை முடிந்த ஆயில் மறுபடி பம்புக்கே திரும்பிவிடும். பம்புக்குள் ஒரு சாய்தட்டு இருக்கிறது. பெடலை மிதித்தால் அது சாயும். சாய்வு கூடக் கூட, பிஸ்டன்கள் ஒவ்வொரு சுற்றிலும் அதிக ஆயிலைத் தள்ளும், வண்டியின் வேகம் கூடும்.

சக்கரம் எவ்வளவு பலமாக இழுக்கும் என்பதைத் தீர்மானிப்பது ஆயிலின் அளவல்ல, அழுத்தம். இன்ஜினுக்கு இருப்பதோ குறிப்பிட்ட பலம். ஒரு சுற்றுக்குக் கொஞ்சம் ஆயிலைத் தள்ளச் சொன்னால் அதை மிக அதிக அழுத்தத்தில் தள்ளும். நிறையத் தள்ளச் சொன்னால் அவ்வளவு அழுத்தத்தைத் தாங்க முடியாமல் திணறும். அதனால் பாரத்தோடு மேடேறும்போது பெடலை ஆழமாக மிதிப்பது, காரில் ஏற்றத்தின் நடுவே டாப் கியரைப் போடுவதற்குச் சமம். வண்டி திணறினால் காலைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். இன்ஜின் சத்தம் மீண்டும் எழும், சக்கரம் மெதுவாக, ஆனால் பலமாகச் சுழலும். கியர் டிராக்டரோ காரோ ஓட்டிப் பழகிய காலுக்கு இது நேர்மாறான பழக்கம். புதிதாக ஹைட்ரோ வாங்கியவர்களின் புகார்களில் பல இந்த ஒரு வரியில் தீர்ந்துவிடும். காவிரி டெல்டாவில் நெல் அறுக்கும் குபோட்டா இயந்திரங்களின் ஓட்டமும் ஹைட்ரோதான். சேற்றில் வண்டி முனகும்போது லீவரை முன்னால் தள்ளாமல் சற்றுப் பின்னால் இழுப்பதும் இதே கணக்குதான்.

இன்னொன்றையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். இன்ஜின் பலத்தில் ஒரு பங்கை ஹைட்ரோ வெப்பமாகத் தின்றுவிடும். கியர் வண்டியில் அந்த இழப்பு மிகக் குறைவு. 1967ல் அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 656 என்ற ஹைட்ரோ டிராக்டரை விற்பனைக்குக் கொண்டுவந்த நாளிலிருந்தே இந்தக் குறை தெரிந்ததுதான். நாள் முழுக்கக் கலப்பை இழுக்கக் கியர் வண்டியே மேல். முன்னும் பின்னும் போய் மண் அள்ளவும், மரங்களுக்கு இடையே வளைந்து புல் வெட்டவும் ஹைட்ரோவை மிஞ்ச எதுவும் இல்லை. வாங்கிய நாளிலிருந்தே இழுவை போதவில்லை என்றால் அது பழுதாக இருக்காது. அந்த வேலைக்கு அந்த வண்டி சரிப்படவில்லை என்பதாக இருக்கலாம்.

நேற்று வரை இழுத்த வண்டி இன்று இழுக்கவில்லை என்றால்தான் பழுதைத் தேட வேண்டும். அதற்குச் செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. வண்டியை அரை மணி நேரம் ஓட்டி ஆயிலைச் சூடாக்குங்கள். லோ ரேஞ்ச், நான்கு சக்கர ஓட்டம் இரண்டையும் போட்டு, ஆக்சிலரேட்டரை பிடிஓ (பின்னால் மாட்டும் கருவியைச் சுழற்றும் தண்டு) வேகத்துக்கு ஏற்றுங்கள். லோடர் வாளியைத் தாழ்வாக ஒரு மண்மேட்டில் முட்டவைத்து, பெடலை மெல்ல, மெல்ல மட்டும் மிதியுங்கள். சில விநாடிகள் போதும், அதற்கு மேல் முட்டிக்கொண்டு நின்றால் ஆயில் கொதித்துவிடும். சங்கிலி கட்டி மரத்தை இழுத்துப் பார்க்கிற வேலை வேண்டவே வேண்டாம். கொக்கி கொஞ்சம் உயரமாக மாட்டியிருந்தாலும் டிராக்டர் முன்பக்கம் தூக்கி ஓட்டுபவர் மேலேயே கவிழக்கூடும்.

இப்போது சக்கரத்தைப் பாருங்கள், இன்ஜினைக் கேளுங்கள்.

சக்கரங்கள் வழுக்கிச் சுழன்றால் இன்ஜினும் ஹைட்ரோவும் நலம். லோ ரேஞ்சில் நல்ல வண்டி அப்படித்தான் செய்ய வேண்டும். குறை தரைப்பிடிப்பில் இருக்கிறது. லோடரில் பாரம் ஏறினால் பின்சக்கரத்தின் மேல் விழும் எடை குறையும், அதனால் பின்னால் எடை கட்ட வேண்டும். பின் டயர்களில் திரவம் நிரப்பும் வழக்கமும் உண்டு. குளிர் நாடுகளில் தண்ணீர் உறைந்துவிடும் என்பதால் கால்சியம் குளோரைடு கரைசலோ பீட்ரூட் வகைக் கிழங்கின் சாறோ ஊற்றுகிறார்கள். புல்தரை டயர் போட்ட வண்டி ஈரமண்ணில் வழுக்குவது இயல்பு. முன்சக்கரங்களும் சேர்ந்து சுழல்கின்றனவா என்று பக்கத்தில் ஒருவரை நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். முன் அச்சுக்குப் போகும் இணைப்பு அறுந்திருந்தால் லீவரைப் போட்டும் பயன் இருக்காது.

இன்ஜின் சத்தம் இறங்கி, நின்றுவிடுவது போல இழுத்தால் ஹைட்ரோவை விட்டுவிட்டு இன்ஜின் பக்கம் வாருங்கள். பெடலைக் குறைத்தும் திணறுகிறதா? டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர், ஆக்சிலரேட்டர் கேபிள் என்று வரிசையாகப் பாருங்கள். டீசல் டேங்க் மூடியைத் தளர்த்தியதும் தெம்பு வந்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. கொட்டகையில் பல மாதம் நின்ற வண்டி என்றால் காற்றுக் குழாய்க்குள் எலிக்கூடு இருக்கிறதா என்று பார்க்காமல் மேலே போகாதீர்கள். கடும் குளிரில் டீசலின் மெழுகு உறைந்து ஃபில்டரை அடைப்பதும் குளிர் நாடுகளில் சகஜம். அமெரிக்காவில் 2013க்குப் பிறகு வந்த, 25 குதிரைத்திறனைத் தாண்டிய பல வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர் உண்டு. அதைச் சுத்தம் செய்யச் சொல்லி எரியும் விளக்கைப் பொருட்படுத்தாமல் ஓட்டிக்கொண்டே இருந்தால், இன்ஜின் தானாகவே பலத்தைக் குறைத்துக்கொள்ளும்.

மூன்றாவது நிலைதான் கவலைக்குரியது. இன்ஜின் சத்தம் இறங்கவே இல்லை, சக்கரமும் அசையவில்லை. அப்படியானால் பலம் நடுவில் எங்கோ தொலைகிறது. இங்கேயும் எளியதிலிருந்தே தொடங்குவோம். ரேஞ்ச் லீவர் முழுமையாக விழுந்திருக்கிறதா? புல்வெளி டிராக்டர் வகை வண்டியானால், தள்ளிக்கொண்டு போவதற்கென்று இருக்கும் பைபாஸ் கம்பி பாதி இழுத்த நிலையில் இருக்கிறதா? இன்ஜினுக்கும் ஹைட்ரோவுக்கும் நடுவே கிளட்ச் இருக்கும் மாடல்களில் அது வழுக்கினாலும் இதே அறிகுறிதான். பிரேக் பிடித்துக்கொண்டிருந்தாலும் இழுவை குறையும். சமதரையில் நியூட்ரலில் வைத்து வண்டியைத் தள்ளிப் பாருங்கள், ஓட்டி முடித்ததும் இரண்டு பக்கமும் பின் அச்சருகே கை வைத்துச் சூட்டை ஒப்பிடுங்கள்.

பெடலிலிருந்து சாய்தட்டுக்குப் போகும் கம்பிகள் தேய்ந்து தளர்ந்தால் வண்டி வேகமாக ஓடாது. ஆனால் மெதுவாக ஓடினாலும் பலமாகவே இழுக்கும். வேகக் குறையையும் இழுவைக் குறையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது ஆயில். இதைப் பற்றி மட்டும் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஹைட்ரோவின் ஆயுள் இதில்தான் இருக்கிறது. டிப்ஸ்டிக்கை எடுத்து அளவை மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடாதீர்கள். பால் கலந்தது போல வெளுத்திருந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. கியர் லீவரின் அடியில் கிழிந்த ரப்பர் உறை வழியாக மழை இறங்கியிருக்கும், அல்லது குளிரும் சூடும் மாறி மாறி உள்ளே நீராவி படிந்திருக்கும். நுரை கட்டியிருந்தால் பம்பு ஆயிலோடு காற்றையும் உறிஞ்சுகிறது. உறிஞ்சும் குழாயின் ஓ-ரிங் காய்ந்திருக்கலாம். கருகிய வாடை வந்தால் பலமுறை சூடேறிய ஆயில்.

எந்த ஆயில் என்பதும் முக்கியம். குபோட்டாவுக்கு சூப்பர் யுடிடி2, ஜான் டீருக்கு ஹை-கார்டு என்று கம்பெனிகள் தனியே குறிப்பிடுகின்றன. அமெரிக்கக் கடைகளில் ‘303’ என்ற எண்ணோடு மலிவு விலை டிராக்டர் ஆயில் வெகுகாலம் விற்றது. 303 என்பது ஜான் டீர் 1970களிலேயே கைவிட்ட பழைய தர எண். அந்தப் பழைய ஆயிலில் திமிங்கல எண்ணெய் சேர்ந்திருந்தது, திமிங்கல எண்ணெய்க்குத் தடை வந்ததும் அந்தத் தரமும் போயிற்று. பெயரை மட்டும் ஒட்டிக்கொண்டு வந்த பிற்கால வாளிகளில் என்ன இருக்கிறது என்பதற்கு உத்தரவாதம் இல்லாததால், மிசௌரி மாநிலம் அவற்றின் விற்பனையைத் தடை செய்தது. ஒரு ஹைட்ரோவின் விலையோடு ஒப்பிட்டால் மலிவு ஆயிலால் மிச்சம் பிடிக்கும் காசு காசே அல்ல.

ஃபில்டரை மாற்றும்போது பழையதைத் தூக்கி எறியாதீர்கள். அது ஒரு சாட்சி. ஹேக்சா போட்டு அறுத்தால் ரம்பத் தூள் உள்ளே விழுந்து ஏமாற்றும், அதனால் ஃபில்டர் வெட்டும் கருவியால் மூடியைத் திறந்து, மடிப்பு மடிப்பாக இருக்கும் தாளை வெட்டி எடுத்து, ஆயிலை வடியவிட்டு வெயிலில் விரியுங்கள். சாம்பல் நிறத்தில் மெல்லிய பசை இருந்தால் சாதாரணத் தேய்மானம். காந்தத்தில் ஒட்டும் துகள் இரும்பு, பெரும்பாலும் கியர் பக்கத்திலிருந்து வந்தது. மடிப்புகளின் ஆழத்தில் பொன் நிறத்தில் மினுமினுத்து, காந்தத்துக்கு அசையாத தூள் இருந்தால் அது பித்தளை. பம்பின் பிஸ்டன் பாதங்களும் வால்வுத் தட்டும் தேயத் தொடங்கிவிட்டன என்று அர்த்தம். பல மாடல்களில் முதல் 50 மணி நேர ஓட்டத்திலேயே ஃபில்டரை மாற்றச் சொல்வது வெறும் சம்பிரதாயம் அல்ல. புது கியர்கள் ஒன்றோடொன்று பழகும்போது உதிரும் தூள் முழுக்க அதில்தான் சேரும்.

ஆயிலையும் ஃபில்டரையும் கவனித்த பிறகும் இழுவை வரவில்லை என்றால் அறிகுறிகளைப் பிரித்துப் பாருங்கள். காலையில் திணறி, சூடேறிய பிறகு சரியாகிறதா? ஆயில் கெட்டியாக இருக்கிறது, அல்லது உறிஞ்சும் ஃபில்டர் இன்னும் அடைத்திருக்கிறது. கூடவே கீச்சென்ற சத்தமும் வந்தால் சந்தேகம் உறுதி. காலையில் நன்றாக இழுத்து, மதியம் சோர்ந்துபோகிறதா? சூட்டில் ஆயில் நீர்த்து, தேய்ந்த இடைவெளிகள் வழியே கசிகிறது. ஆனால் பம்பையே குறை சொல்லுமுன் குளிர்விக்கும் ஃபேனையும் ஆயில் கூலரையும் பாருங்கள். புல் வெட்டும் வண்டிகளில் கூலர் முழுக்கப் புல்தூள் அப்பியிருக்கும், சின்ன ஹைட்ரோக்களின் தலையில் இருக்கும் பிளாஸ்டிக் ஃபேனின் இறக்கைகள் உடைந்திருக்கும்.

முன்னால் போகும்போது மட்டும் பலமில்லை, ரிவர்ஸில் குறையே இல்லை என்றால் சந்தோஷப்படலாம். பம்பும் மோட்டாரும் இரண்டு திசைக்கும் பொது. திசைக்கு ஒன்றாக இருப்பவை உயரழுத்த ரிலீஃப் வால்வுகள்தான். முன்திசை வால்வில் ஒரு தூசு சிக்கினாலும் அழுத்தம் அதன் வழியே ஓடிவிடும். இரண்டு வால்வும் ஒரே மாதிரி இருக்கும் மாடல்களில், சுற்றிலும் சுத்தமாகத் துடைத்துவிட்டு ஒன்றை மற்றதன் இடத்தில் மாற்றிப் போட்டால் போதும். குறை ரிவர்ஸுக்கு மாறிவிட்டால் குற்றவாளி உங்கள் கையிலேயே இருக்கிறது. இன்ஜின் ஓடும்போது இந்தப் பக்கம் கையைக் கொண்டுபோகாதீர்கள். அந்த அழுத்தத்தில் ஊசிமுனைக் கசிவுகூடத் தோலைத் துளைத்து உள்ளே போகும். கசிவைத் தேட அட்டைத் துண்டைப் பயன்படுத்துங்கள்.

இரண்டு திசையிலும், சூட்டில், எல்லாம் மாற்றிய பிறகும் பலமில்லை என்றால் மெக்கானிக்கிடம் பிரஷர் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பம்புக்கு முன்கூட்டியே ஆயில் ஊட்டும் சின்ன சார்ஜ் பம்பின் அழுத்தத்தை முதலில் அளக்க வேண்டும். வண்டி சும்மா நிற்கும்போதே அது குறைவாக இருந்தால் கோளாறு சார்ஜ் பம்பிலோ அதன் ரிலீஃப் வால்வின் ஸ்பிரிங்கிலோ இருக்கும். சும்மா நிற்கும்போது சரியாக இருந்து, பாரம் ஏறியதும் விழுந்தால் பிரதான பம்பும் மோட்டாரும் உள்ளே கசிகின்றன. அப்போதுதான் டிராக்டரைப் பிரிக்கும் பேச்சு நியாயமானது. கேஜ் வைக்காமலேயே புது ஹைட்ரோவுக்கு விலை சொல்லும் கடையிலிருந்து வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். எங்கே போனாலும், இன்ஜின் சத்தம் இறங்குகிறதா, சூட்டிலா குளிரிலா, ஒரு திசையிலா இரண்டிலுமா, கடைசியாக எந்த ஆயில் ஊற்றினீர்கள் என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். நல்ல மெக்கானிக் முதலில் கேட்கப்போவதும் அவற்றைத்தான்.