இணையதளத்தில் வைத்த பட்டன்கள் வேலை செய்கின்றனவா?



நம் உறுப்பினர்களில் பலர் இன்று கடைக்கென்று ஓர் இணையதளம் வைத்திருக்கிறார்கள். மகனோ மருமகனோ யோசனை சொல்ல, டிசைனர் ஒருவர் செய்து கொடுத்துவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு போயிருப்பார். தளத்தின் ஓரத்தில் பச்சை நிற வாட்ஸ்அப் பட்டன் இருக்கும். அடியில் பேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப் சின்னங்கள் இருக்கும். சில தளங்களில் கடையின் பேஸ்புக் பக்கத்தையே காட்டும் பெட்டி ஒன்றும் இருக்கும். பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது. ஆனால் கடை போர்டில் ஓர் எழுத்து அழிந்தால் எதிர்க்கடைக்காரர் வந்து சொல்வார். இணையதளத்தில் பட்டன் செத்துப்போனால் வந்து சொல்ல ஆள் கிடையாது. வாடிக்கையாளர் ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு வேறு கடைக்குப் போய்விடுவார். வராமல் போன ஆர்டர் எந்தப் பேரேட்டிலும் ஏறாது.

பட்டன்களை முதலில் இரண்டு இனமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, வெறும் வழிகாட்டிப் பலகை போன்றது. அழுத்தினால் நம் வாட்ஸ்அப்புக்கோ பேஸ்புக் பக்கத்துக்கோ ஆளைக் கொண்டுபோய் விடும், அவ்வளவுதான். இதற்கு லிங்க் என்று பெயர். மற்றொன்று, அந்த நிறுவனத்தின் புரோகிராமே நம் தளத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு வேலை செய்வது. லைக் எண்ணிக்கை காட்டுவது, நம் பேஸ்புக் பதிவுகளைத் தளத்திலேயே ஓடவிடுவது, இன்ஸ்டாகிராம் படங்களை வரிசையாகக் காட்டுவது எல்லாம் இந்த இனம். இதைத்தான் பிளக்-இன் என்கிறார்கள்.

குளிர்பானக் கம்பெனிக்காரர்கள் நம் கடையில் ஃபிரிட்ஜ் கொண்டுவந்து வைக்கிறார்கள் அல்லவா? இடம் நம்முடையது, கரண்ட் பில் நம்முடையது, பெட்டி அவர்களுடையது. அவர்கள் எடுத்துப்போனால் அந்த மூலை காலியாகிவிடும். பிளக்-இன்னும் அப்படித்தான். பேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா 2025 நவம்பரில் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. வெளி இணையதளங்களில் வைக்கப்படும் லைக் பட்டனும் கமென்ட் பெட்டியும் 2026 பிப்ரவரி 10-ஆம் தேதியோடு நிறுத்தப்படும் என்பது அதன் சாரம். தளம் உடையாது, எச்சரிக்கையும் வராது. அந்த இடம் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும் என்று விளக்கமும் கொடுத்தார்கள். இது முதல் தடவையல்ல. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் மூடப்பட்டது. பல தளங்களுக்கும் பகிர்வுப் பட்டன்களைக் கொடுத்துவந்த ஆட்திஸ் என்ற சேவையை ஆரக்கிள் நிறுவனம் 2023 மே 31-இல் நிறுத்தியது. பேஸ்புக் மெசஞ்சர் அரட்டைப் பெட்டி 2024 மே மாதத்தில் போயிற்று. இன்றும் கூகுள் பிளஸ் சின்னத்தைக் கீழே வைத்துக்கொண்டிருக்கும் மளிகைக் கடைத் தளங்கள் இருக்கின்றன. ஏழு வருடத்துக்கு முன் செத்தவர் பெயரில் பில் போடுவது போல இருக்கிறது.

வாட்ஸ்அப் பட்டன்

நமக்கு வியாபாரம் கொடுப்பது இந்த ஒரு பட்டன்தான் என்பது என் அபிப்பிராயம். ஆகவே இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நம்மிடம் சரக்கு எடுக்கும் சில்லறைக் கடைக்காரர் ஒருவர் தீபாவளி சமயத்தில், "அண்ணாச்சி, வெப்சைட்டுக்குச் செலவழிச்சது தண்டம். ஒரு ஆர்டர் கூட அதுல வரலை" என்று குறைப்பட்டுக்கொண்டார். அவருடைய தளத்தைத் திறந்து பட்டனை அழுத்தியபோது, அந்த எண்ணில் வாட்ஸ்அப் இல்லை என்று வந்தது. டிசைனரைக் கூப்பிட்டுக் கேட்டால், "பத்து நம்பரும் சரியாத்தானே இருக்கு அண்ணாச்சி" என்கிறார். பத்தும் சரிதான். கோளாறே பத்தாக இருந்ததில்தான்.

வாட்ஸ்அப் லிங்கில் நாட்டு எண்ணோடு சேர்த்துத்தான் எழுத வேண்டும். டபிள்யூ.ஏ., ஒரு புள்ளி, எம்.ஈ., ஒரு சாய்கோடு, அதன்பின் 91, அதை ஒட்டி நம் பத்து இலக்கம். கூட்டல் குறி, முன்னால் பூஜ்யம், நடுவில் இடைவெளி, கோடு எதுவும் கூடாது. 91 போடாமல் விட்டால், எண்ணின் முதல் இலக்கங்களையே நாட்டு எண்ணாக அது எடுத்துக்கொள்ளும். அந்தக் கடைக்காரரின் எண் 94-இல் தொடங்குகிறது. 94 என்பது இலங்கையின் நாட்டு எண். 98-இல் தொடங்கினால் ஈரானுக்குப் போகும், 95-இல் தொடங்கினால் மியான்மருக்கு. தீபாவளி ஆர்டர் எல்லாம் கடல் தாண்டிப் போய் நின்றுகொண்டிருந்தது.

இரண்டாவது கோளாறு, அழுத்தியவுடன் தானாக வந்து நிற்கும் செய்தி. "விலைப் பட்டியல் வேண்டும்" என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். வாடிக்கையாளர் அனுப்பினால் போதும். இது நல்ல வசதி. ஆனால் அந்த வாசகத்தில் அண்ட் குறியை அப்படியே போட்டால், குறிக்குப் பின்னால் உள்ளது முழுவதும் அறுந்துபோகும். "பருப்பு" என்று மட்டும் வந்து, "மசாலா" காணாமல் போயிருக்கும். லிங்கில் அந்தக் குறிக்கு வேறு அர்த்தம் இருப்பதே காரணம். அதற்குப் பதில் "மற்றும்" என்று எழுதிவிடலாம். இடைவெளிகளும் தமிழ் எழுத்துகளும் லிங்கில் சங்கேதமாக மாற்றப்பட வேண்டும். இடைவெளி என்றால் சதவீதக் குறியும் 20 என்ற எண்ணும் வரும். இதை டிசைனரிடம் சொன்னால் ஒரு நிமிடத்தில் செய்துவிடுவார். சொல்லாவிட்டால் விட்டுவிடுவார்.

இந்த முன்செய்தியை நம் வியாபாரத்துக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்வதில்தான் லாபம் இருக்கிறது. ஒரே பட்டனை எல்லாப் பக்கத்திலும் வைப்பதைவிட, மொத்த வியாபாரப் பக்கத்தில் "துவரம்பருப்பு மூட்டை விலை கேட்கிறேன், ஊர்:" என்றும், சில்லறைப் பக்கத்தில் "வீட்டுச் சாமான் லிஸ்ட் அனுப்புகிறேன்" என்றும் தனித்தனியாக வைக்கலாம். செய்தி வந்து விழும்போதே ஆள் யார், எந்தச் சரக்கு, எந்த ஊர் என்று கடைப் பையனுக்குத் தெரிந்துவிடும். "ஹாய்" என்று மட்டும் வரும் நூறு செய்திகளுக்குப் பதில் எழுதிக் களைத்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

பட்டன் நிற்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டர் திரையில் வலது பக்கம் அடியில் அழகாக நிற்கும் அதே பட்டன், செல்போனில் "ஆர்டர் செய்" என்ற பொத்தானின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். கொஞ்சம் மேலே தள்ளி வைக்கச் சொல்ல வேண்டும், அல்லது இடது பக்கம் மாற்ற வேண்டும். கூடவே, பக்கத்தில் போன் நம்பரை எண்களாகவும் எழுதி வையுங்கள். கம்ப்யூட்டரில் பார்ப்பவருக்கு வாட்ஸ்அப் திறக்காமல் கட்டம் கட்டமான கோடு வந்து நிற்கலாம். அவர் எண்ணைப் பார்த்து அடித்துப் பேசிக்கொள்வார்.

லிங்க் அனுப்பும்போது வரும் படம்

நம் தள முகவரியை வாட்ஸ்அப் குழுவில் போட்டால் அதனுடன் சிறு படமும் தலைப்பும் சேர்ந்து வருகிறது. சிலருக்கு அந்த இடத்தில் டிசைனர் மாதிரிக்கு வைத்த வெளிநாட்டு ரொட்டிப் படம் வரும்; சிலருக்குப் போன பொங்கல் சலுகை நோட்டீஸ் வரும். தளத்தில் படத்தை மாற்றியும் இது மாறாது. தளத்தின் உள்ளே, கண்ணுக்குத் தெரியாத தலைப்பகுதியில், ஓப்பன் கிராஃப் என்ற குறிப்புகள் தனியாக எழுதப்பட்டிருக்கும். தலைப்பு இது, விவரம் இது, படம் இது என்று அவைதான் சொல்கின்றன. அங்கே மாற்ற வேண்டும். படம் 1200-க்கு 630 பிக்சல் அளவில் இருந்தால் பேஸ்புக்கில் வெட்டுப்படாமல் வரும்.

அங்கே மாற்றியும் பழைய படமே வந்தால், பேஸ்புக் முதலில் பார்த்ததை எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஷேரிங் டீபக்கர் என்று பேஸ்புக்கே ஒரு கருவி தருகிறது. அதில் நம் முகவரியைப் போட்டு, மறுபடி எடு என்ற பொருள்படும் "ஸ்க்ரேப் அகெய்ன்" பொத்தானை அழுத்தினால் புதிதாக எடுத்துக்கொள்ளும். வாட்ஸ்அப்பில் இந்தப் படத்தை உருவாக்குவது அனுப்புகிறவருடைய போன். ஆகவே ஏற்கெனவே போன செய்திகளில் படம் மாறாது. முகவரியின் கடைசியில் ஒரு கேள்விக்குறியும் ஏதாவது ஓர் எழுத்தும் எண்ணும் சேர்த்து அனுப்பினால், புது முகவரி என்று எண்ணிப் புதுப் படத்தை எடுக்கும்.

அந்தப் படத்தில் விலையை எழுதாதீர்கள். உளுந்து விலை காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று இருக்கும் காலத்தில், குழுவுக்குக் குழு சுற்றும் படத்தைத் திரும்பப் பிடிக்க முடியாது. இரண்டு மாதம் கழித்து ஒருவர் செல்போனை நீட்டி, "நீங்க போட்ட விலைதானே, கொடுங்க" என்பார். கொடுத்தால் நஷ்டம், மறுத்தால் பேர் கெடும். கடையின் பெயர், ஊர், என்ன சரக்கு என்பது மட்டும் போதும்.

பெட்டி வெறுமையாக இருந்தால்

பேஸ்புக் பக்கத்தைக் காட்டும் பெட்டி வெற்றிடமாகத் தெரிந்தால் உடனே டிசைனரைத் திட்ட வேண்டாம். முதலில் வேறொரு போனில், பேஸ்புக்கில் நுழையாமல் பாருங்கள். முதலாளியின் போனில் அவர் ஏற்கெனவே பேஸ்புக்கில் நுழைந்திருப்பதால் எல்லாம் தெரியும், வாடிக்கையாளருக்குத் தெரியாது. நம் பக்கத்துக்கு வயது வரம்போ நாட்டு வரம்போ போட்டிருந்தால் இப்படி நடக்கும். சில பிரவுசர்களே இந்த மாதிரிப் பெட்டிகளைத் தடுத்துவிடும். ஃபயர்ஃபாக்ஸ் 2019 முதல் சமூக வலைத்தளங்களின் பின்தொடர்தலைத் தடுத்துவருகிறது. பெட்டியின் அகலம் 180 முதல் 500 பிக்சல் வரைதான் இருக்க முடியும். எண்ணூறு என்று எழுதிக் கொடுத்தாலும் ஐந்நூறில் நின்றுவிடும். இன்ஸ்டாகிராம் படவரிசை நின்றுபோயிருந்தால் காரணம் பெரும்பாலும் வேறு. தனிநபர் கணக்குகளுக்கான பழைய வழியை 2024 டிசம்பர் 4-இல் மூடிவிட்டார்கள். கணக்கை வணிகக் கணக்காக மாற்றி, புதிதாக இணைக்க வேண்டும். அப்படி இணைத்த அனுமதியும் 60 நாளில் காலாவதியாகும். பிளக்-இன் அதைத் தானே புதுப்பித்துக்கொள்ளும். புதுப்பிக்கத் தவறினாலும், நாம் பாஸ்வேர்டை மாற்றினாலும் படவரிசை நின்றுவிடும்.

தளம் வேர்டுபிரஸில் செய்ததாக இருந்து, எது கெடுக்கிறது என்று பிடிபடவில்லையென்றால், கணக்கு உதைக்கும்போது ஒவ்வொரு பக்கமாகக் கூட்டிப் பார்ப்பதைப் போலத்தான் செய்ய வேண்டும். முதலில் தளத்துக்கு ஒரு நகல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பிறகு கேஷ் எனப்படும் சேமித்த பழைய பிரதியை அழித்துப் பார்க்க வேண்டும். பாதி புகார்கள் இதிலேயே தீரும். தீராவிட்டால் பிளக்-இன்கள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். எதைத் திறக்கும்போது கெடுகிறதோ அதுதான் ஆள். ஹெல்த் செக் என்ற வேர்டுபிரஸ் கருவியில் இந்தச் சோதனையை வாடிக்கையாளர் கண்ணில் படாமல் செய்ய வழி இருக்கிறது. கடையைத் திறந்து வைத்துக்கொண்டே உள்ளே ஸ்டாக் எடுப்பது மாதிரி.

புதுப்பிக்காத பிளக்-இன் திருடனுக்கு வழி. சோஷியல் வார்ஃபேர் என்ற பகிர்வுப் பட்டன் பிளக்-இன்னில் 2019 மார்ச்சில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டு, அதைப் பயன்படுத்திய தளங்கள் தாக்கப்பட்டன. 2024 ஜூனில் அதே பிளக்-இன்னின் புதுப் பதிப்புக்குள்ளேயே கெட்ட புரோகிராமைச் சேர்த்துவிட்டார்கள். ஆகவே நான் கேட்பவர்களுக்குச் சொல்வது, வாட்ஸ்அப்புக்கும் பேஸ்புக்குக்கும் வெறும் லிங்கை ஒரு சின்னப் படத்துடன் வைத்துக்கொள்ளுங்கள் என்பதே. தளமும் சீக்கிரம் திறக்கும். லைக் எண்ணிக்கையைப் பார்த்து யாரும் மிளகாய் வாங்குவதில்லை.

இன்னொரு விஷயமும் உண்டு. பிளக்-இன் வைத்தால் நம் தளத்துக்கு வருபவரின் விவரம் அவர் அழுத்தாமலே அந்த நிறுவனத்துக்குப் போகிறது. ஜெர்மனியில் ஃபேஷன் ஐடி என்ற துணிக்கடைத் தளம் லைக் பட்டன் வைத்திருந்ததற்காக வழக்கு வந்து, விவரத்தைச் சேகரித்து அனுப்புவதில் கடைக்காரருக்கும் கூட்டுப் பொறுப்பு உண்டு என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019 ஜூலை 29-இல் தீர்ப்பளித்தது. நம் நாட்டிலும் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023-இல் சட்டம் வந்திருக்கிறது.

டிசைனரிடம் தளத்தை ஒப்புக்கொள்ளும்போது ஒவ்வொரு சின்னத்தையும் நீங்களே அழுத்திப் பார்த்த பிறகு பாக்கியைக் கொடுங்கள். மாதிரித் தளத்தில் வந்த சின்னங்கள் அப்படியே இருந்து, நம் பக்கத்துக்குப் போகாமல் பேஸ்புக்கின் முகப்புக்குப் போவது சகஜம். டொமைன் பெயர் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது, பேஸ்புக் பக்கத்தின் முழு அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதையும் அன்றே கேட்டுவிடுங்கள். அது உங்கள் பெயரிலும், வீட்டில் இன்னொருவர் பெயரிலும் இருக்க வேண்டும். பையன் வேலை மாறி பெங்களூர் போன பிறகு அந்தப் பாஸ்வேர்டைத் தேடிப் பிடிப்பதைவிட, பழைய பாக்கி வசூலிப்பது சுலபம்.