பின்சக்கரத்திற்கு வில் வேண்டுமா?

கட்டை வண்டிக்கும் வில்வண்டிக்கும் உள்ள வேற்றுமையை உங்கள் பாட்டனாரைக் கேட்டால் சொல்வார். இரண்டையும் இழுப்பவை மாடுகளே. ஆயினும் அச்சுக்கும் கூண்டுக்கும் இடையே எஃகுப் பட்டைகளாலான வில் இருந்துவிட்டால், பாதையின் மேடுபள்ளங்கள் உள்ளே அமர்ந்திருப்போரின் முதுகெலும்பை எட்டுவதற்கு முன்பே பாதி ஓய்ந்துவிடும். மலைப்பாதைகளில் ஓட்டுவதற்கென்று செய்யப்படும் மிதிவண்டிகளிலும் இவ்வேற்றுமை உண்டு. முன்சக்கரத்திற்கு மட்டும் வில் பொருத்திய வண்டியை 'ஹார்ட்டெயில்' என்கிறார்கள். பின்பக்கம் விறைப்பானது என்பது கருத்து. இரு சக்கரங்களுக்கும் வில் உள்ளது 'ஃபுல் சஸ்பென்ஷன்'. இவற்றுள் எதை வாங்குவது என்று தடுமாறும் மாணவர் பலர். செலவாகப் போவது பெரும்பாலும் தந்தையின் பணமாதலால், சற்று நின்று ஆராய்வது தகும்.

இவ்விளையாட்டு பிறந்தபோது வில் என்பதே கிடையாது. 1970-களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், மரின் வட்டாரத்து இளைஞர்கள் சிலர், முப்பது நாற்பது ஆண்டுப் பழமையான கனத்த மிதிவண்டிகளை மலையுச்சிக்குக் கொண்டுபோய், மண்பாதையில் உருட்டி இறங்கினார்கள். 1976 அக்டோபரில் அங்கே முறையான பந்தயமொன்று தொடங்கிற்று. அதன் பெயர் 'ரீபேக்'. ஏறத்தாழ 1,300 அடி இறக்கத்தில் பின்சக்கரப் பிரேக் கொதித்து, உள்ளிருந்த கிரீஸ் புகைந்து போய்விடும். ஒவ்வொரு முறையும் புதிதாக அடைக்க வேண்டும். அதனால் வந்த பெயர் இது. அவர்களுக்கு வில்லாக இருந்தவை முழங்கையும் முழங்காலுமே. 1989-இல்தான் பால் டர்னர், ஸ்டீவ் சைமன்ஸ் என்னும் இருவர் 'ராக்‌ஷாக்ஸ்' என்ற பெயரில், காற்றும் எண்ணெயும் கொண்டு இயங்கும் முன்கவையை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். அது அமுங்கிய தூரம் சுமார் இரண்டு அங்குலம். டர்னர் மோட்டார் சைக்கிள் பந்தயத் துறையிலிருந்து வந்தவர் என்பது இங்கே நினைவு கூரத்தக்கது.

வில் என்றதும் நாம் சொகுசை நினைக்கிறோம். உண்மையில் அதன் முதல் வேலை சொகுசு அன்று. டயரைத் தரையோடு ஒட்டி வைத்திருப்பது. சக்கரம் ஒரு கல்லின்மீது ஏறுவதாகக் கொள்வோம். வில் இல்லையெனில், சக்கரத்தோடு வண்டியும் ஆளும் சேர்ந்தே மேலெழ வேண்டும். அவ்வளவு பாரத்தைத் தூக்கும் ஆற்றல் எங்கிருந்து வரும்? முன்னோக்கிச் செல்லும் வேகத்திலிருந்துதான் வரும். அதனால் வேகம் குறைகிறது. கல்லைத் தாண்டியபின் சக்கரம் சிறிது நேரம் அந்தரத்தில் நிற்கிறது. அந்தரத்தில் நிற்கும் சக்கரத்திற்குப் பிரேக் பிடித்தும் பயனில்லை, திருப்பியும் பயனில்லை. வில் இருந்தாலோ சக்கரம் மட்டும் ஏறி இறங்குகிறது. ஆள் ஏறத்தாழ நேராகவே செல்கிறார்.

வில் மட்டும் போதாது. அமுங்கிய வில் திரும்ப எழும்போது, குதிரை பின்னங்காலால் உதைப்பதுபோல் ஆளைத் தூக்கி எறியும். ஆகவே அதனுடன் எண்ணெய்க் குழலொன்றைச் சேர்க்கிறார்கள். வில் அசையும்போது எண்ணெய் சிறு துளைகளின் வழியே நெருக்கித் தள்ளப்படுகிறது. அசைவின் ஆற்றல் வெப்பமாக மாறி அடங்குகிறது. ஆள் ஏறி அமர்ந்தவுடன் வில் தன் முழு அசைவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு தானே தாழ வேண்டும் என்பதும் ஒரு விதி. அப்போதுதான் பள்ளம் வரும்போது சக்கரம் கீழே நீண்டு தரையைத் தொடும்.

இத்தனை நன்மைக்கும் வில் கூலி கேட்கிறது. முதற்கூலி எடை: ஒரே தரமுள்ள வண்டிகளில் பின்வில் உள்ளது ஒன்று அல்லது இரண்டு கிலோகிராம் கூடுதல். இரண்டாவது, மேட்டில் மிதிக்கும்போது ஒவ்வொரு மிதிக்கும் வண்டி அமுங்கி எழுவது. நம் உழைப்பில் ஒரு பகுதி சங்கிலிக்குப் போகாமல் எண்ணெயைச் சூடாக்குவதில் போய்விடுகிறது. மூன்றாவது, பராமரிப்பு. பின்சட்டம் அசைய வேண்டுமானால் கீல்கள் வேண்டும். கீல்களுக்குப் பேரிங்குகள் வேண்டும். அவற்றுள் மண்ணும் நீரும் புகும்.

கூலிக்கும் பயனுக்கும் நடந்த வழக்கை 2012 ஆகஸ்ட் 12 அன்று இலண்டன் ஒலிம்பிக்கில் உலகமே கண்டது. இறுதிச் சுற்றில் செக் நாட்டு யாரோஸ்லாவ் குல்ஹாவியும் சுவிட்சர்லாந்தின் நினோ ஷூர்ட்டரும் சேர்ந்தே வந்தார்கள். குல்ஹாவியின் வண்டியில் பின்வில் உண்டு. ஷூர்ட்டரின் வண்டி ஹார்ட்டெயில். குல்ஹாவியின் பின்வில்லில் ஒரு தந்திரம் இருந்தது: ஆள் மிதிக்கும்போது அடைபட்டிருக்கும் ஓர் அடைப்பான், தரையிலிருந்து அடி வந்தால் மட்டும் திறந்துகொள்ளும். ஒன்றரை மணி நேரப் பந்தயத்தில் குல்ஹாவி ஒரு வினாடியில் வென்றார். இதைக்கொண்டு பின்வில்லே சிறந்தது என்று முடிவு கட்டுவதை நான் ஏற்கமாட்டேன். இருவரின் சக்கரங்களும் அளவில் வேறு, கால்களும் வேறு. மூன்றாவதாக வந்த இத்தாலியர் ஃபொன்டானா ஹார்ட்டெயிலில், அதுவும் கடைசிச் சுற்றில் இருக்கை கழன்று விழுந்தபின், நின்றபடியே ஓட்டி முடித்தார்! ஆயினும் ஷூர்ட்டர் 2016-இல் ரியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்றது பின்வில் வண்டியில்தான். பாதைகள் கரடுமுரடாகிவிட்டன, வண்டிகளின் எடையும் குறைந்துவிட்டது.

ஆனால் அவர்கள் வண்டிகளைப் பராமரிக்கத் தனி ஆட்கள் உண்டு. நமக்கு இல்லை. கல்லூரிக்குத் தார்ச்சாலையிலும், விடுமுறையில் காட்டுப் பாதையிலும் ஓட்டப் போகும் மாணவருக்கு நான் ஹார்ட்டெயிலையே சொல்வேன். ஒரே தொகையில் பின்வில் வண்டி செய்ய முனைபவர், அந்தச் செலவை வேறெங்கோ பிடித்துக்கொள்ள வேண்டும். பிரேக்கில் பிடிப்பார், அல்லது முன்கவையில் பிடிப்பார். அகன்ற டயர் பூட்டிக் காற்றைச் சிறிது குறைத்தால், அந்த டயரே ஒரு சிறு வில். பின்பக்கம் விறைப்பாக இருப்பதால் எந்தக் கல்லைத் தவிர்ப்பது, எங்கே எழுந்து நின்று முழங்காலை மடிப்பது என்பதை உடல் கற்றுக்கொள்கிறது. பாறைப் படிகள் நிறைந்த செங்குத்தான இறக்கங்களில் வாரந்தோறும் இறங்குபவர் கதை வேறு. அவருக்குப் பின்வில் ஆடம்பரம் அன்று. எலும்பைக் காக்கும் கருவி. 150 மில்லிமீட்டருக்கு மேல் அசையும் வில்லையே அவர் தேடுவார்.

என் தமக்கை மகன் பிளஸ் டூ முடித்தபோது, இருபுறமும் வில் மின்னும் வண்டியொன்றை மலிவாக வாங்கி வந்தான். அதன் பின்வில்லில் எண்ணெய்க் குழல் இல்லை. வெறும் சுருள் கம்பிதான். வாங்குமுன் பின்சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்திருந்தால், கீல்கள் தளர்ந்து ஆடுவதை அன்றே கண்டிருப்பான். மழைக்காலம் ஒன்று கழிந்ததும் கீல்கள் கிறீச்சிட்டன. மேம்பாலம் ஏறும்போது வண்டி அவனை ஊஞ்சலாட்டியது. மாற்றுப் பேரிங் எங்கும் கிடைக்கவில்லை. முடிவில் தெருமுனைச் சைக்கிள் கடைக்காரர் சுருள்வில்லைக் கழற்றி எறிந்துவிட்டு, அதே அளவில் ஓர் இரும்புத் துண்டை வெட்டி, இரு முனையிலும் துளையிட்டு, போல்ட் வைத்து முடுக்கிக் கொடுத்தார். அந்த இரும்புத் துண்டோடுதான் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.