பெட்டி பேசுகிறது, ஆப் பேசுவதில்லை

கடலூர் துறைமுகம் மீன் மார்க்கெட். செதில் ஒட்டிய ஈரக் கையோடு சங்கரா மீனை வெட்டிக்கொண்டிருக்கும் அக்கா போனைத் தொடுவதே இல்லை. பக்கத்திலிருக்கும் சின்னப் பெட்டி ‘இருநூற்று நாற்பது ரூபாய் பெறப்பட்டது’ என்று தமிழில் சொன்னதும் பையை நீட்டுகிறார். செய்த காரியம் நடந்ததா என்பது உடனே தெரிந்தால்தான் மனசு அடுத்த வேலைக்கு நகரும். அந்த மனசைப் படித்தவர் யாரோ செய்த பெட்டி அது.

இந்தக் கரை எப்போதுமே காதை நம்பிய கரை. கடலூருக்கு வடக்கே, புதுச்சேரிக்குட்பட்ட நல்லவாட்டில் 2004 சுனாமியன்று ஊரைக் காத்தது ஒலிபெருக்கி. சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் போனில் சொன்ன எச்சரிக்கையை அதில் அறிவித்தார்கள். ஜனங்கள் ஓடிப் பிழைத்தார்கள்.

ஆப் செய்பவர்களுக்கு ஏனோ கண் மட்டும்தான் ஞாபகம். சிதம்பரத்தில் ஏதாவது ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சற்று நேரம் நின்று பாருங்கள். ஓடிபி வந்த மெசேஜைப் பெரியவர் திறக்கிறார், படிவம் மறைந்துவிடுகிறது. எண்ணை மனசில் பிடித்துக்கொண்டு திரும்புவதற்குள் நேரம் முடிந்துபோகிறது. கடைசியில் போனையே கடைக்காரப் பையனிடம் கொடுத்து, ‘பின் நம்பர் போட்டுக்கப்பா’ என்று நாலு இலக்கத்தையும் சத்தமாகச் சொல்கிறார். வரிசையில் நிற்கும் அத்தனை பேர் காதிலும் விழுகிறது.

என் கவலையெல்லாம் இதுதான். விவரம் தெரியாதவர் என்று அவரைச் சொல்வது சுலபம். மனசு ஒரே நேரத்தில் ஏந்தக்கூடியது ஏழு சொச்சம் விஷயங்களைத்தான் என்று ஜார்ஜ் மில்லர் 1956-லேயே எழுதினார். பின்னால் வந்த ஆய்வாளர்கள் அதையும் நாலாகக் குறைத்தார்கள். உள்நுழைய நினைவாற்றலை மட்டுமே நம்ப வைக்காதீர்கள் என்று 2023-ல் வந்த சர்வதேச இணைய அணுகல் நெறிமுறையும் சொல்கிறது. மோசடியைத் தடுக்க இத்தனை பூட்டும் வேண்டும் என்கிறார்கள் பாதுகாப்பு நிபுணர்கள். சரி, சாவியை ஊருக்கே கேட்கும்படி சொல்ல வைக்கிற பூட்டு எதற்கு?

டிஜிட்டல் அணுகல் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. கேமரா முன் கண் சிமிட்ட முடியாதவர்கள் தொடுத்த வழக்கு அது. கண்ணிருந்தும் எழுத்துக்கூட்ட நேரம் போதாதவர்களையும் அந்தத் தீர்ப்பின் நிழலில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அதுவரை, வீட்டுப் பெரியவர்களுக்குப் பின் நம்பரைத் தாங்களே அழுத்தப் பழக்குங்கள். பணம் பறிபோனால் உடனே அழைக்க வேண்டிய எண் 1930.