கச்சா எண்ணெயின் குணபேதங்கள்

சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் பெருஞ்சாலை, சிங்கப்பெருமாள் கோயில் வழியாகச் செல்கின்றது. அச்சாலையில் இரவும் பகலும் ஓடும் லாரிகளும் பஸ்களும் எரிக்கும் டீசல் எல்லாம் ஒரே தன்மையது என்றே நாம் எண்ணுகின்றோம். எஞ்சினைப் பொறுத்தவரை அஃது உண்மையே. ஆனால் அந்த டீசல் பிறந்த கச்சா எண்ணெய் ஒரே வகையினதன்று. வகைக்கு வகை, அது காற்றில் சேர்க்கும் கரியமிலவாயுவின் அளவும் வேறுபடுகின்றது. இதற்குக் காரணம் யாது?

ஓர் உவமை கூறுவேன். ஈரமுள்ள காலத்தில் பாலாற்று மணலை முழங்கை ஆழம் தோண்டினால் ஊற்றுச் சுரக்கும். சற்று விலகிய மேட்டு நிலத்திலோ ஆழ்துளைக் கிணறு இட்டு, மின்விசையால் இறைக்க வேண்டும். குடத்தில் நிறைந்தபின் இரண்டும் தண்ணீரே. ஆயினும் குடத்தை நிறைக்கச் செலவான ஆற்றல் ஒன்றா? எண்ணெயின் கதையும் இதுவே.

கச்சா எண்ணெயை இலேசானது, கனமானது என இரு பெரும் பிரிவாக்குவர். இதற்கு ஏ.பி.ஐ. என்னும் அளவுகோல் உண்டு. அதில் தண்ணீருக்கு 10 பாகை. பாகை உயர உயர எண்ணெய் இலேசாகும். 1974-இல் கண்டுபிடிக்கப்பட்ட பம்பாய்க் கடல் எண்ணெய் 38 பாகையை ஒட்டியது, கந்தகமும் குறைவு. வெனிசுவேலாவின் ஓரினோகோப் பகுதி எண்ணெயோ 10 பாகையை ஒட்டி நின்று, பாகுபோல் இருக்கும். கனடாவின் ஆல்பர்ட்டாவில் மணலோடு பிணைந்த எண்ணெயைப் பல இடங்களில் நீராவி செலுத்தி இளக்கியே எடுக்கின்றனர். அந்நீராவியை உண்டாக்க எரிவாயு எரிகிறது. ராஜஸ்தானத்தில் 2004-இல் கண்டறியப்பட்ட மங்களா எண்ணெய் மெழுகு மிகுந்தது. அது உறையாதிருக்க, குஜராத் கடற்கரை வரை குழாய் முழுவதையும் சூடாக வைத்திருக்க வேண்டும்.

கந்தகம் மிகுந்த எண்ணெய்க்குச் சுத்திகரிப்பு ஆலையிலும் செலவு கூடும். 2020 ஏப்ரல் முதல் நம் நாட்டில் விற்கும் டீசலில், பத்து லட்சம் பங்கில் 10 பங்குக்கு மேல் கந்தகம் இருத்தல் கூடாது. அதை நீக்க ஹைட்ரஜன் வேண்டும். அந்த ஹைட்ரஜனைப் பெரும்பாலும் எரிவாயு, நாப்தா முதலியவற்றிலிருந்து ஆக்குவதால் கரியமிலவாயு வெளிப்படுகின்றது. நகரத்தின் காற்றைத் தூய்மையாக்கும் நற்பணிக்கும் இவ்வாறு ஒரு விலை உண்டு.

அங்ஙனமாயின், இலேசான எண்ணெயெல்லாம் நல்லதென்று முடிவு கட்டலாமோ? கூடாது. எண்ணெயோடு வெளிவரும் வாயுவைச் சேர்த்துப் பயன்படுத்தாமல், கிணற்றடியிலேயே கொளுத்திவிடும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. எரியாமல் கசியும் மீத்தேன் இன்னும் கொடியது. நூறாண்டுக் கணக்கில் அது கரியமிலவாயுவைப்போல் ஏறக்குறைய 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். அல்ஜீரியாவின் எண்ணெய் இலேசானது. எனினும் 2018-இல் அறிஞர்கள் வெளியிட்ட உலகக் கணக்கில், ஒரு மெகாஜூல் ஆற்றலுள்ள எண்ணெயை எடுத்து ஆலை வாயிலில் சேர்ப்பதற்கு அந்நாட்டில் சுமார் 20 கிராம் என வந்தது. வெனிசுவேலாவின் கனமான எண்ணெய்க்கும் அவ்வளவே. டென்மார்க்கில் 3 கிராமுக்குச் சற்று மிகுதி. உலகச் சராசரி 10 கிராம். ஆகவே எண்ணெயின் பிறவிக் குணத்தோடு, அதை எடுப்பவரின் ஒழுக்கத்தையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

இனி நம் பக்கத்துக் கணக்கு. 1965-இல் நிறுவப்பெற்று, 1969-இல் மணலியில் இயங்கத் தொடங்கிய ஆலை, முதலில் ஈரான் நாட்டு எண்ணெயை நம்பி அமைந்தது. இன்று அதன் கொள்ளளவு ஆண்டுக்கு ஒரு கோடி டன்னுக்கு மேல். ஒரு கோடி டன் எண்ணெயில், மெகாஜூலுக்கு ஒரு கிராம் குறைந்தாலே, ஆண்டுக்கு நாலு லட்சம் டன் கரியமிலவாயு குறையும். மாணவர்கள் இதைத் தாமே பெருக்கிப் பார்க்கலாம். ஒரு டன் எண்ணெயின் ஆற்றல் சுமார் 42,000 மெகாஜூல்.

எனினும் ஒன்றை மறத்தலாகாது. எந்த எண்ணெயாயினும் எரிக்கும்போது மெகாஜூலுக்கு ஏறத்தாழ 73 கிராம் வெளிவருகின்றது. வகையறிந்து வாங்குவதால் மிஞ்சுவது அதற்கு முந்திய சில கிராம்களே. பெரிய பங்கு குறைய வேண்டுமாயின், எரிப்பதே குறைய வேண்டும். நம் தேசமோ தன் தேவையில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வாங்குகின்றது; விலையும் கிடைக்கும் வசதியுமே அதில் முதலில் பார்க்கப்படுகின்றன. பீப்பாயின் விலைச்சீட்டில் புகையின் கணக்கு ஏறுவதில்லை. கடல்மட்டம் உயருமானால் முதலில் உணரவேண்டியது மாமல்லபுரம் போன்ற கரையோர ஊர்கள்தாம். நாளை பொறியாளராகவும் அதிகாரியாகவும் அமரப்போகும் மாணவர்கள், விலையைக் கேட்கும்போதே புகையையும் கேட்கும் பழக்கத்தை இன்றே மேற்கொள்ளுதல் வேண்டும்.