கோதுமை மணியைச் சூம்ப வைக்கும் காற்று

டெல்லியின் புகைமூட்டம் நவம்பரில் தலைப்புச் செய்தியாகிறது. பஞ்சாப், ஹரியானா, உத்தரப் பிரதேச வயல்களில் அப்போதுதான் கோதுமை விதைக்கிறார்கள். அந்தப் பயிருக்குப் பெரிய கேடு பிப்ரவரி, மார்ச்சில் வருகிறது. வானம் தெளிந்து வெயில் ஏறும் நேரத்தில். அதைச் செய்வது கண்ணுக்குத் தெரியாத ஓசோன்.

வானில் பல கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசோன் நம்மைக் காக்கிறது. நிலத்தையொட்டி உருவாகும் ஓசோனோ நஞ்சு. எந்தப் புகைபோக்கியும் அதை நேரடியாகக் கக்குவதில்லை. வாகனங்களும் அனல்மின் நிலையங்களும் விடும் நைட்ரஜன் ஆக்சைடுகள், பெட்ரோல் ஆவியிலும் விறகுப் புகையிலும் உள்ள கரிமச் சேர்மங்களோடு வெயிலில் வினைபுரிவதால் அது பிறக்கிறது. நகரத்துக்குள் வண்டிப்புகையின் நைட்ரிக் ஆக்சைடே ஓசோனில் ஒரு பங்கை அழித்துவிடும். காற்று நகரைத் தாண்டிப் போன பிறகு அதன் அளவு கூடுகிறது. நகரத்துப் புகைக்குக் கிராமத்து வயல் விலை கொடுக்கிறது.

இலைத்துளைகள் வழியே நுழையும் ஓசோன், ஒளிச்சேர்க்கைக்கு ஆதாரமான ரூபிஸ்கோ நொதியைக் குறைக்கிறது. கதிருக்கு ஊட்டம் அனுப்பும் கண்ணாடி இலை, மணி பால் பிடிக்கும் பருவத்திலேயே பழுக்கத் தொடங்கினால் மணி நிரம்ப நாள் போதாது. எடை குறைந்த, சூம்பிய மணிகளே மிஞ்சும். மாவுச்சத்து குறைவதால் அவற்றில் புரத விகிதம் சற்று உயர்ந்து தெரியும். அதைத் தரம் கூடியதாக எண்ணிவிடக் கூடாது. ஏக்கருக்குக் கிடைக்கும் மொத்தப் புரதம் குறைந்துதான் போகிறது. நெல் ஓரளவு தாங்கும்.

புனேயின் இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவன விஞ்ஞானிகள் பங்கேற்று 2014-இல் வெளியான ஆய்வின் கணக்குப்படி, 2005-இல் மட்டும் ஓசோனால் நாடு இழந்தது சுமார் 35 லட்சம் டன் கோதுமை, 21 லட்சம் டன் அரிசி. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள 9.4 கோடிப் பேரின் உணவு அது.

இந்த இழப்பு விவசாயிக்குத் தெரிவதே இல்லை. பக்கத்து வயலும் அதே காற்றில்தான் நிற்கிறது. ஒப்பிட ஏதுமில்லாமல் விதையையும் உரத்தையும் நொந்துகொள்கிறார். வடிகட்டிய காற்றைச் செலுத்தும், மேற்புறம் திறந்த கூண்டுகளில் பயிர் வளர்த்துப் பார்த்தால்தான் வித்தியாசம் புலப்படும். வாரணாசியில் பனாரஸ் இந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைப் பல ஆண்டுகளாகச் செய்து காட்டியிருக்கிறார்கள்.

ஆனால் 2019-இல் தொடங்கிய தேசிய தூய காற்றுத் திட்டத்தின் இலக்கு, நகரங்களின் நுண்துகள்களைக் குறைப்பது. வயல்வெளி அதன் கணக்கில் இல்லை. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை கோதுமை மாவட்டங்களின் கிராமங்களில் ஓசோனை அளக்க வேண்டும். அனல்மின் நிலையங்களின் நைட்ரஜன் ஆக்சைடு வரம்பை முடிவு செய்யும் மேசைக்கு அந்த அளவுகள் போக வேண்டும்.