கோடுகள் நிறைய… இணையம் எங்கே?

மெர்போக் அருகே, ஜெராய் மலையடிவாரத்தில் உள்ள ஒரு நீர்வீழ்ச்சிப் பகுதியில் முகாம் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கைப்பேசியில் வைஃபை கோடுகள் முழுமையாகத் தெரிகின்றன. ஆனால், ஒரு செய்திகூடப் போகவில்லை.

இது சிறிய தொல்லை அல்ல, மாணவர்களே! 2021 ஆகஸ்டு 18-ஆம் தேதி ஜெராய் மலையிலிருந்து பாய்ந்த திடீர் வெள்ளம் யான், மெர்போக் வட்டாரங்களைத் தாக்கியது, உயிர்களும் பலியாயின. இத்தகைய இடத்தில் எச்சரிக்கைச் செய்தி வந்து சேர வேண்டும்.

திறந்தவெளியில் ஒரே வைஃபை கருவி போதாது. நுழைவாயிலில் உள்ள முதல் கருவிக்கு மட்டும் இணைய வயர் வரும். அங்கிருந்து அடுத்தடுத்த கருவிகளுக்கு இணைப்பு வயர் இல்லாமலே சங்கிலிபோல் செல்லும். நாம் பார்க்கும் கோடுகள், கைப்பேசிக்கும் பக்கத்துக் கருவிக்கும் உள்ள தொடர்பை மட்டுமே காட்டும். அதற்கு அப்பால் சங்கிலி அறுந்திருந்தாலும் கோடுகள் குறையாது.

அப்படியானால், பழுதை எங்கே தேடுவது?

தமிழ்நாட்டின் தேனியில், அரவிந்த் கண் மருத்துவமனை கிராமக் கண் மையங்களை நெடுந்தொலைவு வைஃபை மூலம் இணைத்தது. கிராமத்து நோயாளிகள் காணொளி வழி மருத்துவரிடம் பேசினர். இதற்குத் துணைநின்ற பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 2008-இல் தங்கள் அனுபவத்தை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர். பெரும்பாலான பழுதுகளுக்குக் காரணம் தரமற்ற மின்சாரம் என்பதே அவர்கள் கண்ட உண்மை.

ஆகவே, முதலில் மின்சாரத்தைப் பாருங்கள். எல்லாக் கருவிகளிலும் விளக்கு எரிகிறதா? அடாப்டர் நனைந்துள்ளதா?

அடுத்து, நுழைவாயிலிலிருந்து தொடங்குங்கள். முதல் கருவியருகே இணையம் வந்தால், இரண்டாவதற்கு நடந்து செல்லுங்கள். இணையம் எங்கே நிற்கிறதோ, அந்தக் கருவிக்கும் முந்தைய கருவிக்கும் இடையில்தான் பெரும்பாலும் கோளாறு இருக்கும்.

பிறகு, அந்த இடைவெளியை அண்ணாந்து பாருங்கள். புதிதாக வளர்ந்த கிளை மறைக்கலாம். இலைகளும் அவற்றில் தேங்கும் மழைநீரும் அலையை உறிஞ்சும், 2.4 கிகாஹெர்ட்ஸைவிட 5 கிகாஹெர்ட்ஸ் அலை அதிகம் பாதிக்கப்படும். காற்றில் ஆண்டெனா திரும்பியிருக்கவும் கூடும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிச் சோதியுங்கள். மாற்றியதைக் குறித்து வையுங்கள். அவசரப்பட்டு ரீசெட் பொத்தானை அழுத்தினால், கருவிகளை இணைத்த அமைப்புகளே அழிந்துவிடும். ஒரு பழுது இரண்டாகும்!