உங்களுக்குத் தெரியுமா? கருமிளகு தீர்ந்த கதை

முதல் உலகப் போருக்காக 1914 செப்டம்பரில் பிரான்ஸின் மார்சேய் துறைமுகத்தில் இறங்கத் தொடங்கிய இந்தியச் சிப்பாய்களின் கடிதங்களைப் படிப்பதற்கென்றே பிரிட்டிஷ் ராணுவம் தனித் தணிக்கைப் பிரிவு வைத்திருந்தது. சிப்பாய்களில் பலருக்கு எழுதத் தெரியாது. சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதுவார். கடிதங்கள் வீடு போய்ச் சேர, லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இன்று இருப்பவை தணிக்கையாளர்கள் ஆங்கிலத்தில் பெயர்த்தெடுத்த பகுதிகள்தான். இத்தனை கை மாறிய எழுத்தை எப்படி நம்புவது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் யாரோ படிக்கிறார்கள் என்று தெரிந்தேதான் சிப்பாய்கள் எழுதினார்கள். அந்த எச்சரிக்கையே அவர்கள் மனநிலைக்கு ஒரு சான்று.

இந்தியாவிலிருந்து வந்த கருமிளகு தீர்ந்துவிட்டது, இப்போது சிவப்பு மிளகாயைப் போடுகிறார்கள் என்று 1915-இல் ஒரு சிப்பாயின் கடிதம் போனது. இது சங்கேதம்: கருமிளகு இந்தியர்; மிளகாய் வெள்ளையர். யாரை முன்னே தள்ளிச் சாகவிடுகிறார்கள் என்ற புகாரைச் சமையல் சங்கதிபோல எழுதிவிட்டார்! அதிகாரிகளுக்கும் இது புரியாமலில்லை. கடிதங்களை நிறுத்துவதைவிட, படையின் மனநிலையை அறிந்து மேலிடத்துக்கு அறிக்கை அனுப்புவதில்தான் அவர்களுக்கு அக்கறை. ஊரில் மற்றவர்கள் படையில் சேர வேண்டாம் என்ற எச்சரிக்கைகளும் அந்தத் தொகுப்பில் உள்ளன. அந்தரங்கமான பேச்சை மட்டும் அங்கே அதிகம் எதிர்பார்க்க முடியாது: அடுத்தவர் கையால் மனைவிக்கு எழுதும்போது எவ்வளவுதான் சொல்ல முடியும்?